மணம் சொல்லும் வீட்டு வரலாறு



பல வீடுகளில் நடக்கும் ஒரு சிறு மனத்தாங்கலிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். மருமகள் விடியற்காலையில் எழுந்து, கறி சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். மாமியார் ஒரு வாய் உண்டுவிட்டு, "என்னம்மா கறி இது, மணமும் இல்லை, ருசியும் இல்லை" என்கிறார். மருமகளுக்கு மனம் நோகிறது. "பாட்டிக்கு எதிலும் குறைதான்" என்கிறான் பேரன்.

அதே பாட்டி மற்றொரு நாள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யாரோ பழைய பால்மரக் கட்டைகளைக் குவித்து எரிக்கிறார்கள். புகை காற்றில் மிதந்து வருகிறது. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "இது எங்கள் தோட்டத்துப் புகைக்கூடத்து வாசம்" என்கிறார். பிறகு அந்தப் புகைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த லயம், அதன் அத்தாப்புக் கூரை, கூரைக்குக் கீற்று கொண்டுவந்த வண்டி, வண்டிக்காரன் முகம் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்குகிறார். பேரன் இதையெல்லாம் கேட்டதே இல்லை.

கறி மணக்கவில்லை என்றவரும் அவர்தான். ஒரு புகையைக் கொண்டு ஒரு காலத்தையே எழுப்பியவரும் அவர்தான். இவ்விரண்டும் ஒருவரிடமே எப்படி இருக்கின்றன? அவர் சொன்ன அந்தக் கூரையும் சுவரும் எங்கிருந்து வந்தன, பின்னர் எப்படி மாறின? இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே இன்று பார்ப்போம். ஏனெனில், நம் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளின் வரலாற்றை எழுதி வைத்தவர்கள் குறைவு. அதை மணமாகச் சுமந்துகொண்டிருப்பவர்கள் நம் முதியவர்கள்.

முதலில் மூக்கைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். மூக்கின் உள்ளே, மேற்பகுதியில், மணத்தை உணரும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. காற்றில் மிதந்துவரும் நுண்ணிய துகள்களை அங்குள்ள உணர்விகள் பற்றிக்கொள்கின்றன. மனிதரிடம் இத்தகைய உணர்விகள் ஏறத்தாழ 400 வகை உண்டு. இவற்றை உருவாக்கும் மரபணுக்களைக் கண்டறிந்து 1991ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள். அதற்காக 2004ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவில் தலாமஸ் என்னும் பகுதிக்குப் போய், அங்கிருந்துதான் பிரிந்து செல்கின்றன. கெமாஸ் சந்திப்பில் ரயில் நின்று தடம் மாறுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மணத்தின் செய்தியோ அந்தச் சந்திப்பில் நிற்பதில்லை. மூக்குக்கு மேலே உள்ள சிறு நரம்புக் குமிழிலிருந்து, அச்சமும் மகிழ்ச்சியும் பதியும் இடத்துக்கும், நினைவுகள் உருவாகும் இடத்துக்கும் அது மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. மணத்தோடு வரும் நினைவில் உணர்ச்சி கலந்திருப்பதற்கு இந்தக் குறுக்குவழி ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

சுவீடன் நாட்டில் வில்லாண்டர், லார்சன் என்னும் இருவர் 65 முதல் 80 வயது வரையுள்ள 93 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2006ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். சிலருக்குச் சொற்களைக் காட்டினர். சிலருக்குப் படங்களைக் காட்டினர். சிலருக்கு மணங்களை முகரக் கொடுத்தனர். உங்கள் வாழ்வில் நடந்த எது நினைவுக்கு வருகிறது என்று கேட்டனர். சொல்லையும் படத்தையும் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்ட காலம் நினைவுக்கு வந்தது. மணத்தை முகர்ந்தவர்களுக்கோ பத்து வயதுக்கு முற்பட்ட குழந்தைப் பருவமே மிகுதியாக வந்தது. ஒரு முதியவரிடம் பழைய புகைப்படத்தைக் காட்டினால் அவருடைய வாலிபம் பேசக்கூடும். பழைய மணம் ஒன்றைக் காட்டினால் அதற்கும் முந்திய பிள்ளைப் பருவம் பேசக்கூடும். ஐந்து வயதில் அவர் படுத்துறங்கிய கூரையின் கதை அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்த மூக்கு என்றும் அப்படியே இருப்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரிச்சர்டு டோட்டி என்பவரும் அவர் குழுவினரும் 5 வயது முதல் 99 வயது வரையுள்ள 1,955 பேரைச் சோதித்து 1984ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மணத்தை இனங்காணும் திறன் இருபது வயது முதல் நாற்பது வயது வரை உச்சத்தில் இருந்தது. 65 முதல் 80 வயது வரையுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது பெரிதும் குறைந்திருந்தது. எண்பதைத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் இந்நிலை காணப்பட்டது.

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு முதலிய ஒரு சில சுவைகளே. மிளகுக்கும் சோம்புக்கும், நெத்திலிக்கும் இறாலுக்கும் உள்ள வேற்றுமையை நமக்கு உணர்த்துவது பெரும்பாலும் மூக்குதான். ஆகவே, "கறியில் ருசி இல்லை" என்று பாட்டி சொல்லும்போது அவர் மருமகளின் கைப்பக்குவத்தைக் குறை கூறவில்லை. தம் மூக்கின் நிலையைத்தான், தாமே அறியாமல், சொல்லுகிறார். மென்மையான மணங்கள் அவரைவிட்டு முதலில் விலகுகின்றன. புகை போன்ற கடுமையான வாசம் இன்னும் எட்டுகிறது. எட்டும்வரையில் அது பழைய கதவுகளைத் திறக்கும். எட்டாமற் போனால், நினைவு உள்ளே இருந்தாலும் அதைத் தட்டி எழுப்ப அந்த வழி இராது.

இனி, அந்தக் கதவுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதற் கதவு அத்தாப்பு. தோட்டங்களில் தொடக்கக் காலத்தில் எழுந்த லயங்கள் பலவற்றுக்கு அத்தாப்பே கூரையாக இருந்தது. அத்தாப்பு பெரும்பாலும் நிப்பா என்னும் பனையின் ஓலை. கடல்நீர் ஏறி இறங்கும் சேற்று ஆற்றோரங்களில் அது செழித்து வளர்கிறது. ஓலையைக் கழித்து, ஒரு குச்சியின் மேல் மடித்து, நாரால் தைத்துக் கீற்றாக்குவார்கள். கூரைச் சட்டத்தில் அதைப் பிரம்பால் கட்டுவார்கள். ஆணிகூட அதிகம் தேவையில்லை. வெட்டியவர், தைத்தவர், ஏற்றியவர், வேய்ந்தவர் எல்லாரும் அக்கம்பக்கத்து மக்களே. பொருள் வரும் வழி குறுகியது. ஒரு படகு, ஒரு மாட்டுவண்டி, அவ்வளவுதான். சில ஆண்டுகளில் ஓலை மக்கிப்போகும். மீண்டும் வேய வேண்டும். நனைந்த ஓலையின் வாசமும், அடுப்புப் புகை ஏறிய ஓலையின் வாசமும் வேறு வேறு. அவ்வீடுகளில் பிறந்தவர்களுக்கு இவ்விரண்டும் தெரியும்.

அத்தாப்பின் பெருங்குறை தீ. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பெருந்தீ மூண்டது. ஓலையும் பலகையும் மண்சுவருமாக இருந்த ஊர் எரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்து, எஞ்சிய மண்சுவர்களைக் கரைத்தது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று முனைந்தார். கட்டளையிடுவது எளிது, அத்தனை செங்கல்லுக்கு எங்கே போவது? அப்போதைய சீனர் தலைவர் யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே களிமண் கிடைத்த இடத்தில் சூளைகளை ஏற்படுத்தினார். அந்த இடந்தான் இன்று நாம் பிரிக்பீல்ட்ஸ் என்று அழைக்கும் பகுதி. செங்கல் வயல்கள் என்பது அப்பெயரின் பொருள். பின்னர் ரயில்வே வந்ததும், இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழருமான ரயில்வே ஊழியர்கள் அங்கே குடியேறினார்கள். செங்கல் பிறந்த மண் இவ்வாறு நம்மவர் வாழ்ந்த இடமும் ஆயிற்று.

செங்கல்லுக்கும் ஒரு மணம் உண்டு. காய்ந்த செங்கல்லின் மீது முதல் மழைத்துளி விழும்போது எழும் மண்வாசனையை அறியாதவர் நம்மில் யார்? ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்னும் இரு வேதியியலார் 1964ஆம் ஆண்டில் அந்த வாசனைக்கு 'பெட்ரிக்கோர்' என்று பெயரிட்டனர். காய்ந்த மண்ணும் பாறையும் காற்றிலிருந்து சேர்த்து வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் ஈரம் பட்டதும் வெளிப்படுகின்றன என்று அவர்கள் விளக்கினர். வட இந்தியாவின் கன்னோசி நகரத்து அத்தர் வணிகர்கள் சுட்ட களிமண்ணைக் காய்ச்சி வடித்து 'மிட்டி அத்தர்' என்று பல தலைமுறைகளாக விற்றுவந்ததும் இதே மணந்தான். விஞ்ஞானம் பெயர் வைக்குமுன்பே வியாபாரம் அதைப் புட்டியில் அடைத்துவிட்டது.

இரண்டாவது கதவு தகரம். ஆங்கிலப் பொறியாளர் ஹென்றி பாமர் 1829ஆம் ஆண்டில் அலையலையாக மடித்த இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் பிரான்சு நாட்டில் சோரெல் என்பவர், இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்ததே நம் கூரைத் தகரம். அலைத் தகடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கச்சிதமாகப் படியும். கப்பலில் சிறிது இடத்தில் நூற்றுக்கணக்கில் அடுக்கலாம். மெல்லியதாயினும் மடிப்பு இருப்பதால் வளையாது. வேய்வதற்குத் தனித் தேர்ச்சியும் வேண்டியதில்லை. இந்தக் காரணங்களால் அது உலகமெங்கும் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் பரவியது.

1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கும், 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. தகரமும் சிமெண்டும் ஆணியும் கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கி, ரயில் ஏறி, நிலையத்திலிருந்து வண்டியில் தோட்டம் வந்து சேர்ந்தன. அந்த ரயில் பாதைக்கு மண் வெட்டியவர்களிலும், கட்டை போட்டவர்களிலும் தமிழர் மிகப் பலர். வீட்டுக் கூரை ஓர் ஆற்றங்கரையிலிருந்து வந்த காலம் போய், கடலுக்கு அப்பாலிருந்து வரும் காலம் பிறந்தது. தீப்பற்றும் அச்சம் குறைந்தது, ஒழுகுவதும் குறைந்தது. ஆனால் பகலில் வெப்பம் தாங்காது. மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. சூடான தகரத்தில் மழை விழும்போது எழும் வாசத்தைக் கேட்டுப் பாருங்கள். லயத்தில் வளர்ந்தவர்கள் உடனே சொல்லுவார்கள்.

மூன்றாவது கதவு சிமெண்டு. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. தொடக்கத்தில் அதுவும் மரப்பீப்பாய்களில் கப்பலேறித்தான் இந்நாட்டுக்கு வந்தது. 1953இல் ரவாங்கில் சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கியது. சுண்ணாம்புக் குன்றும் ரயில் பாதையும் அருகருகே இருந்தது அதற்கு வசதி. இதனால் சிமெண்டு வரும் வழி மீண்டும் குறுகியது. பலகைத் தரை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையும், பலகைச் சுவர் இருந்த இடத்தில் கல்சுவரும் தோட்டங்களில் பரவின. 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. நல்ல பொருள் கிடைப்பது ஒன்று. அந்தப் பொருளால்தான் தொழிலாளிக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது மற்றொன்று. இரண்டும் இருந்தால்தான் கூரை மாறும்.

அடுத்த மாற்றம் நகரங்களில் நடந்தது. அது வரையில் பொருள்கள் தனித்தனியாக வந்து, வீடு அந்த இடத்திலேயே கட்டப்பட்டது. இனி வீட்டின் சுவரையே தொழிற்கூடத்தில் வார்த்து, லாரியில் ஏற்றி வந்து, பாரந்தூக்கியால் நிறுத்தினால் என்ன என்ற எண்ணம் வந்தது. 1964ஆம் ஆண்டு முதல் மலேசிய அரசு இதைச் சோதித்துப் பார்த்தது. கோலாலம்பூரில் பெக்கெலிலிங் அடுக்குமாடி வீடுகள் டென்மார்க் நாட்டு முறையில் எழுந்தன. பதினேழு மாடிக் கட்டடங்கள் ஏழு, நான்கு மாடிக் கட்டடங்கள் நான்கு, எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 3,000 வீடுகள். பினாங்கில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீடுகள் பிரெஞ்சு முறையில் எழுந்தன; அவை ஏறத்தாழ 3,700 வீடுகள். பெக்கெலிலிங் கட்டடங்கள் பின்னாளில் இடிக்கப்பட்டன. ஆயினும் அவை தொடங்கி வைத்த வழி அழியவில்லை.

சிங்கப்பூரின் கதையும் ஒரு தீயில்தான் வேகம் பெற்றது. 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் புக்கிட் ஹோ ஸ்வீயில், அத்தாப்பும் தகரமும் பலகையுமாக இருந்த குடியிருப்பு எரிந்தது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டுதான் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் வீடு கட்டப் புறப்பட்டபோது செங்கல்லும் கருங்கல் சல்லியும் போதவில்லை, விலை ஏறியது. ஆகவே கழகம் தானே செங்கல் சூளையும் கருங்கல் உடைக்கும் இடமும் நடத்தியது. 1980களில் வார்த்த பாகங்களைக் கொண்டு பெரிய அளவில் கட்டத் தொடங்கியது. இன்று ஜொகூரிலுள்ள தொழிற்கூடங்களில் செய்த அறைப்பெட்டிகள்கூட பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகின்றன. மலேசியாவிலும் 2003ஆம் ஆண்டு முதல் இம்முறையை வளர்க்கத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது.

இதனால் விளைந்தது என்ன? வேலை விரைவாயிற்று, விரயம் குறைந்தது. ஆனால் கீற்று முடைந்தவர், பலகை சீவியவர், செங்கல் அடுக்கியவர் ஆகியோரின் கைத்திறன் கட்டுமிடத்தைவிட்டு விலகித் தொழிற்கூடத்துக்குப் போயிற்று. வீட்டுக்காரருக்குத் தம் சுவர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமற் போயிற்று. மணமும் மாறிற்று. வார்த்துக் காய்ந்து வந்த சுவருக்கு வாசமே இல்லை எனலாம். புது வீட்டில் நாம் முகர்வது பெரும்பாலும் சாயமும், ஒட்டுப்பலகையின் பசையும்தான். அந்தப் பசையில் பார்மால்டிஹைடு என்னும் பொருள் இருப்பதுண்டு. அது நீண்ட நாள் மூச்சில் கலப்பது உடலுக்கு நல்லதன்று. ஆகவே புது அலமாரி வாங்கினால் சன்னல்களைச் சில நாள் திறந்து வையுங்கள்.

இந்தக் கதையில் நமக்கு உரிய பங்கு ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அது பால்மரத்தின் பங்கு.

பாட்டி சொன்ன புகைக்கூடத்துக்கு வருவோம். பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, புளிப்புத் திராவகம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகையில் தொங்கவிடுவார்கள். சில நாள் புகையில் உலர்ந்த தகடு பழுப்பு நிறம் பெறும். அந்தப் புகை ஈரத்தை மட்டும் போக்கவில்லை. பூசணம் பிடிக்காமலும் காத்தது. எரித்த விறகு பெரும்பாலும் பால் வற்றிய கிழட்டுப் பால்மரங்களே. 1965ஆம் ஆண்டில் மலேசியா, ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் பழைய முறையோடு, சோதனைக்கூடத்தில் அளந்து தரம் பிரிக்கும் முறையையும் கொண்டுவந்தது. பொடியாக்கி, சூடான காற்றில் உலர்த்தி, 33⅓ கிலோ கட்டிகளாக அழுத்திப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்பினார்கள். அதன் பின் புகைக்கூடங்கள் படிப்படியாகக் குறைந்தன. இளைய பிள்ளைகளுக்கு அந்த வாசம் என்னவென்றே தெரியாது.

புகைக்கூடத்தில் சாம்பலான மரத்துக்கும் நல்ல காலம் பிறந்தது. பால்மரக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளில் வண்டு துளைக்கும், நீலக்கறை படியும். அதனால் அது விறகுக்கே ஆகும் என்று ஒதுக்கியிருந்தார்கள். வெட்டியதும் காலம் தாழ்த்தாமல் அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தினால் அது நிலைத்து நிற்கும் என்று கண்டறிந்தார்கள். 1980களிலிருந்து அது மலேசியாவின் முக்கிய மேசை நாற்காலி மரம் ஆயிற்று. படிக்கட்டுக்கும் தரைப்பலகைக்கும்கூடப் பயன்படுகிறது. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்த மரம், அதற்குப் பின் யாரோ ஒருவர் வீட்டில் மேசையாக நிற்கிறது.

பாலின் கதை இன்னும் வியப்பானது. ரப்பரையும் எஃகுத் தகட்டையும் மாறி மாறி அடுக்கி ஒன்றாக ஒட்டச் செய்தால், மேலிருந்து அழுத்தும் பாரத்தை அது தாங்கும். பக்கவாட்டில் மட்டும் மெதுவாக அசைந்து கொடுக்கும். 1960களின் நடுவில் லண்டனில், தரைக்கடியில் ரயில் ஓடும் இடத்தில் ஒரு குடியிருப்பை இத்தகைய ரப்பர்த் திண்டுகளின் மேல் கட்டினார்கள். ரயிலின் அதிர்ச்சி வீட்டுக்குள் எட்டவில்லை. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிலநடுக்கம் மிகுந்த சான் பெர்னார்டினோ பகுதியில், நான்கு மாடி நீதிமன்றக் கட்டடம் ஒன்று 98 ரப்பர்த் திண்டுகளின் மேல் எழுந்தது. அந்தத் திண்டுக்குரிய இயற்கை ரப்பரை உருவாக்கித் தந்தது மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சிச் சங்கம். விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவியவர்களுக்கு, தாங்கள் வடித்த பால் ஒரு நாள் ஒரு கட்டடத்தைச் சுமக்கும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இனியேனும் நீங்கள் அவர்களிடம் சொல்லுங்கள்.

நேயர்களே, 1980களிலும் அதற்குப் பின்னும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன. அந்த லயத்தில் எந்த ஆண்டு அத்தாப்பு போய்த் தகரம் வந்தது, யார் கொண்டு வந்தார், யார் ஏறி அடித்தார் என்பதைச் சொல்ல ஏடு இல்லாத இடத்தில் ஆள் மட்டுமே இருக்கிறார். அவருக்கும் மூக்கு மங்கிக்கொண்டு வருகிறது. ஆகவே காலம் தாழ்த்த வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. சளி பிடிக்காத ஒரு நாளில், ஓய்வாக இருக்கும் வேளையில், ஒரு பழைய பொருளை அவர் கையில் கொடுங்கள். நனைத்த செங்கல் துண்டு, குழைத்த சுண்ணாம்பு, காய்ந்த கீற்று, பழைய பலகையின் சீவல் எதுவானாலும் சரி. கப்பூர் மரச் சீவல் கிடைத்தால் அதில் கற்பூர வாசம் இருக்கும். ஒரு வேளைக்கு ஒன்று போதும். வர்ணம் பூசிய பலகையையும் மருந்தேற்றிய கட்டையையும் எரிக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. பிறகு பொறுமையாகக் கேளுங்கள். கூரை எதனால் ஆனது? அதை யார் கொண்டு வந்தார்? எந்த வண்டியில்? சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது யார்? சொல்வதைத் தோட்டத்தின் பெயரோடும் பிரிவின் பெயரோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மணத்தோடு வரும் நினைவு உயிரோட்டமாக இருக்கும். ஆனால் ஆண்டும் வரிசையும் தவறலாம். 1948இல் வழங்கத் தொடங்கிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். சில மணங்கள் துயரத்தையும் கொண்டு வரும். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தந்தையை அது நினைவூட்டலாம். அவர் கலங்கினால் கேள்வியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

உடல்நலத்தையும் மறக்க வேண்டாம். மூக்கு மங்கியவருக்குக் கேஸ் கசிவதும் சோறு ஊசிப்போவதும் தெரியாது. அடுப்பையும் உணவையும் வேறொருவர் கவனிக்க வேண்டும். வாசம் குறைவதற்கு வயது மட்டும் காரணமன்று. சளி, மூக்கில் சதை வளர்ச்சி, தலையில் அடி, புகைப் பழக்கம், சில மருந்துகள், 2020இல் பரவிய கோவிட் நோய் என்று பல உண்டு. பார்க்கின்சன் நோயிலும், மறதி நோயான அல்சைமரிலும் இது முன்கூட்டியே தோன்றுவதுண்டு. வாசம் குறைந்த எல்லாருக்கும் அந்நோய் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹும்மல் என்பவரின் குழு ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இரு வேளை, பன்னிரண்டு வாரம் முகரச் செய்தது. வாசம் குன்றியவர்களில் ஒரு சாராருக்கு அதனால் பயன் கிடைத்தது என்று 2009இல் அறிவித்தது. செலவில்லாத பயிற்சி அது. மருத்துவரைக் கேட்டு முயன்று பார்க்கலாம்.

ஆகவே, இனி ஒரு நாள் பாட்டி, "கறி மணக்கவில்லையே" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். மருந்தகத்துக்கு அழைத்துப் போக நாள் குறியுங்கள். அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அத்தாப்பிலிருந்து தொடங்குங்கள்.